கடன் ஆய்வுப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள்: வேலைத்திறனை அளக்கும் கணக்கும் பதவி உயர்வும்

வரவுச்சீட்டு:

அனைவருக்கும் வணக்கம். நடுத்தர அளவிலான ஒரு வணிக வங்கியில், சிறுதொழில்களுக்கான கடன் விண்ணப்பங்களை ஆய்வு செய்யும் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். மாதத்தில் எத்தனை விண்ணப்பங்களை முடித்து அனுப்புகிறோம் என்ற எண்ணிக்கைதான் எங்கள் பிரிவில் வேலைத்திறனுக்கான அளவுகோல். அந்த எண்ணிக்கையில் நான் எப்போதும் நடுப்பகுதியில்தான் இருக்கிறேன். விண்ணப்பதாரரின் தொழிலிடத்தை நேரில் பார்க்காமல் நான் கையெழுத்திடுவதில்லை. மூன்றாண்டு வரவுசெலவுக் கணக்குகளை வரிவரியாகப் படிக்கிறேன். சரக்கு இருப்பு என்று காட்டப்பட்டிருக்கும் தொகை உண்மையில் விற்கக்கூடிய சரக்கா, ஆண்டுக்கணக்காகத் தேங்கிக் கிடப்பதா என்று விசாரிக்கிறேன். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கிறது.

என்னோடு ஒரே நாளில் பணியில் சேர்ந்த ஒருவர் என்னைவிட ஏறத்தாழ இரு மடங்கு விண்ணப்பங்களை முடித்தார். மூன்றாண்டுகளுக்கு முன் கிளை மேலாளராகப் பதவி உயர்வு பெற்று வேறு மண்டலத்துக்குச் சென்றுவிட்டார். அவர் மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை, கேட்கப்பட்டதை அவர் சிறப்பாகச் செய்தார். ஆனால் அவர் பரிந்துரைத்த கடன்களில் தவணை தவறியவை இப்போது மறுசீரமைப்புக்காக, அதாவது தவணைகளை மாற்றி அமைப்பதற்காக, என் மேசைக்கு வருகின்றன. அந்தக் கோப்புகளுக்காக நான் செலவிடும் நாட்கள், புதிய விண்ணப்பம் அல்ல என்பதால், என் மாத எண்ணிக்கையில் சேர்வதில்லை. இரண்டு ஆண்டுகளாக என் மதிப்பீட்டில் ‘எதிர்பார்ப்பை நிறைவு செய்கிறார்’ என்ற நடுத்தர வரிதான் எழுதப்படுகிறது.

இப்போது மண்டல அலுவலகத்திலிருந்து இரண்டு வழிகளைச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, கிளை மேலாளர் பதவிக்கு மாறுவது. மற்றொன்று, முதுநிலைக் கடன் ஆய்வாளர் என்ற பெயரோடு இதே பிரிவில் தொடர்வது. அதற்கு மேல் அந்த வரிசையில் படிகள் எதுவும் இல்லை. எனக்குப் பிடித்த வேலை இரண்டாவது, வளர்ச்சி இருப்பது முதலாவதில். நிதி நிறுவனங்களில் நீண்டகாலம் பணியாற்றியவர்கள் இதை எப்படி எடைபோடுவீர்கள்?

பணிப்பதிவேடு:

வணக்கம் வரவுச்சீட்டு அவர்களே. ஒரு நிதி நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருப்பவள் என்ற முறையில், முதலில் எண்ணிக்கைக்காகச் சிறிது வாதாட விரும்புகிறேன். எண்ணிக்கை இல்லாத இடத்தில் பணிமூப்பும் மேலதிகாரியின் விருப்பமும்தான் பதவி உயர்வைத் தீர்மானித்தன. யாரையும் அறியாமல், பரிந்துரைக்க ஆளில்லாமல் வேலைக்கு வந்த ஒருவருக்கு, ‘நான் இவ்வளவு செய்திருக்கிறேன்’ என்று காட்டுவதற்கு ஓர் எண் இருப்பது பெரிய பாதுகாப்பு. அதைக் குறைசொல்லும்போது இதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் உங்கள் பதிவில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. முதுநிலைக் கடன் ஆய்வாளர் என்ற அந்தப் பதவிக்குக் கடன் ஒப்புதல் வரம்பு உண்டா? வங்கியில் ஒருவருடைய உண்மையான தகுதிநிலை அவருடைய பதவிப்பெயரில் இல்லை. எவ்வளவு தொகை வரை அவர் தம் கையெழுத்திலேயே முடிவெடுக்கலாம் என்பதில்தான் இருக்கிறது. நிர்வாக வரிசை, நிபுணர் வரிசை என்று இரட்டை ஏணி வைத்திருப்பதாகப் பல நிறுவனங்கள் சொல்கின்றன. நிபுணர் ஏணியில் ஏறியவருக்கு ஊதியம் சற்று உயரும், பெயர்ப்பலகை மாறும், ஒப்புதல் வரம்பு மட்டும் பழையபடியே இருக்கும். அப்படியானால் அவர் எழுதும் ஆய்வுக் குறிப்பை, அவரைவிட அனுபவம் குறைந்த கிளை மேலாளர் ஒதுக்கிவைத்துவிட்டுக் கடனை அனுமதிக்க முடியும். அத்தகைய ஏணி காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று பொருள்.

சரிபார்ப்பவர்:

உள் தணிக்கையில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். எண்ணிக்கைக்குப் பணிப்பதிவேடு அவர்கள் தந்த ஆதரவை ஏற்கிறேன். இருந்தாலும் ஓர் எண்ணைப் பதவி உயர்வுடனும் வேலை இழப்புடனும் நேரடியாகக் கட்டிவிட்டால் என்ன நடக்கும் என்பதை நம் துறை மிகுந்த விலை கொடுத்துப் பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில், ஒவ்வொரு வாடிக்கையாளர் குடும்பத்துக்கும் எட்டு சேவைகளை விற்க வேண்டும் என்ற இலக்கு கிளைகளின் மீது சுமத்தப்பட்டது. வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே இலட்சக்கணக்கான கணக்குகள் திறக்கப்பட்டதாக 2016 செப்டம்பரில் வெளிவந்தபோது, அந்த வங்கி 18.5 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. முந்தைய ஐந்து ஆண்டுகளில் இதற்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டவர்கள் ஏறத்தாழ 5,300 பேர். 2020 பிப்ரவரியில் அரசுடன் செய்துகொண்ட தீர்வில் 300 கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தொகைகளைவிட என்னை உலுக்குவது அந்த 5,300 என்ற எண்தான். ஒரே நிறுவனத்தில் அத்தனை பேர் தற்செயலாகத் தவறானவர்களாக அமைந்துவிட முடியாது. அவர்களில் பெரும்பாலோர் வேலையைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும் என்ற அச்சத்தில் அந்த இலக்கை நிரப்பியிருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

பொருளியலாளர்கள் பெங்ட் ஹோம்ஸ்ட்ரோமும் பால் மில்குரோமும் 1991இல் இதன் உள்ளியக்கத்தைத் தெளிவாக எழுதிவைத்தார்கள். ஒரு வேலையில் அளக்கக்கூடிய பகுதியும் அளக்க முடியாத பகுதியும் கலந்திருக்கும்போது, அளக்கக்கூடியதற்கு மட்டும் வலுவான ஊக்கத்தொகை கொடுத்தால், உழைப்பு முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். வரவுச்சீட்டு அவர்கள் தேங்கிய சரக்கை விசாரிப்பதற்குச் செலவிடும் அரை நாள் அளக்கப்படாத பகுதியைச் சேர்ந்தது. அவர் அதைத் தம் மனச்சான்றுக்காகச் செய்கிறார், நிறுவனம் அதற்காக அவருக்கு எதுவும் கொடுப்பதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரே இடத்தில் ஒருவரை நீண்டகாலம் வைத்திருப்பதைத் தணிக்கையாளர்கள் விரும்புவதில்லை. 1995இல் பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கி 82.7 கோடி பவுண்டு இழப்பில் வீழ்ந்தபோது, சிங்கப்பூரில் வணிகம் செய்த நிக் லீசனே அந்த வணிகத்தின் கணக்குத் தீர்வுப் பணியையும் மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்தார். இரண்டையும் பிரிக்க வேண்டும் என்று முந்தைய ஆண்டிலேயே உள் தணிக்கை எழுதியிருந்தது. 2008 ஜனவரியில் பிரான்சின் சொசியேட்டே ஜெனரல் வங்கிக்கு 490 கோடி யூரோ இழப்பை ஏற்படுத்திய ஜெரோம் கெர்வியேல், வணிகப் பிரிவுக்கு வருவதற்கு முன் அந்த வணிகங்களைப் பதிந்து சரிபார்க்கும் பிரிவில் சில ஆண்டுகள் பணியாற்றியவர். தம் கணக்குகளை வேறொருவர் பார்த்துவிடாதபடி விடுப்பு எடுப்பதையும் தவிர்த்து வந்தார். பணி வளர்ச்சிப் பாதையை வகுப்பது மனிதவளப் பிரிவின் வேலை மட்டும் அல்ல. யார் எங்கிருந்து எங்கே போகிறார், எத்தனை ஆண்டு அங்கே இருக்கிறார் என்பது நம் துறையில் ஒரு கட்டுப்பாட்டு முறையும் ஆகும். ஆகவே ஒன்பது ஆண்டுகள் ஒரே இருக்கை என்பது, உங்கள் நேர்மையில் ஐயமில்லை என்றாலும், எனக்குச் சற்று நெருடலாகவே இருக்கிறது.

பழையகிளை:

ஓய்வு பெற்றுவிட்டேன், முப்பத்தோராண்டு வங்கிப் பணியில் ஏழு கிளைகளில் மேலாளராக இருந்தேன். சரிபார்ப்பவர் அவர்களின் கடைசிப் பத்தியோடு எனக்கு உடன்பாடு இல்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை மேலாளர்களைத் தூக்கிப் போடும் வழக்கத்தால் மோசடி எவ்வளவு தடுக்கப்பட்டது என்று எனக்குத் தெரியாது. அதனால் தொலைந்துபோன அறிவை என் கண்ணாலேயே பார்த்தேன். ஒரு கடனாளியின் தொழிலுக்கு எந்த மாதம் பணம் வரும், எந்த மாதம் வறளும், தவணை தவறினால் அது தொழில் நொடித்ததாலா, பெரிய வாடிக்கையாளர் ஒருவர் பணம் தராமல் இழுத்தடிப்பதாலா என்பதெல்லாம் கோப்பில் இருக்காது. அது மேலாளரின் மனத்தில் இருக்கும், அவரோடு போய்விடும். புதிதாக வருபவர் கோப்பில் உள்ள தவறிய தவணையை மட்டும் பார்ப்பார். பிழைத்திருக்கக்கூடிய கடன் வாராக்கடன் ஆகும்.

விதைத்தவர் ஒருவர், அறுப்பவர் ஒருவர் என்ற நிலை இன்னொரு தீங்கையும் செய்கிறது. இதை நான் மன வருத்தத்தோடு எழுதுகிறேன். என் இரண்டாவது கிளையில், ஆண்டு முடிவதற்கு மூன்று வாரங்கள் இருக்கும்போது கடன் இலக்கில் பெரிய குறை இருந்தது. அடுத்த ஆண்டு எனக்கு இடமாற்றம் உறுதி என்று தெரியும். அந்த மூன்று வாரங்களில் பதினான்கு கடன்களை அனுமதித்தேன். நிதானமாகப் பார்த்திருந்தால் அவற்றில் ஐந்தையாவது திருப்பி அனுப்பியிருப்பேன். எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது, இடமாற்றமும் வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, எனக்குப் பின் வந்த மேலாளர் அந்தக் கடன்களுக்காக விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று அறிந்தேன். அவருடைய பதவி உயர்வு தள்ளிப்போனது, என்னுடையது தள்ளிப்போகவில்லை. என்னிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடுத்த ஐந்து கிளைகளில் நான் வேறு மனிதனாக இருந்திருப்பேன்.

புதுக்கோப்பு:

மூத்தவர்களின் பேச்சுக்கு நடுவே வருவதற்கு மன்னிக்கவும். மையச் செயலாக்கப் பிரிவில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. என் சிக்கலும் இதே அளவுகோலைப் பற்றியதுதான். முன்பு ஒரு நாளைக்கு நாற்பது கோப்புகள் முடிப்போம். இப்போது எளிமையான கோப்புகளை மென்பொருளே முடித்துவிடுகிறது. ஆவணங்களில் பெயர் பொருந்தாதவை, இரண்டு உரிமையாளர்கள் உள்ளவை, வாரிசுச் சிக்கல் உள்ளவை மட்டும் எங்களிடம் வருகின்றன. நாளைக்குப் பன்னிரண்டு முடித்தால் அதிகம். பிரிவின் வேலைத்திறன் எழுபது விழுக்காடு சரிந்துவிட்டது என்று அறிக்கையில் வரைபடம் போட்டுக் காட்டினார்கள். இந்தப் பிரிவில் எனக்கு எதிர்காலம் இருக்கிறதா என்று கேட்பதற்கே அச்சமாக இருக்கிறது.

நிகழ்தகவு:

கடன் இடர்ப் பகுப்பாய்வில் பணியாற்றுகிறேன். முதலில் புதுக்கோப்பு அவர்களுக்கு: அந்த வரைபடம் தவறான ஒப்பீடு. எளியவற்றை நீக்கிவிட்டு மிச்சத்தைப் பழைய எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் சரிவு தோன்றத்தான் செய்யும். வகைவாரியாக ஒரு கோப்புக்குச் சராசரியாக ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு, அதற்கேற்ப எடை கொடுத்துக் கூட்டினால், உங்கள் பன்னிரண்டு கோப்புகள் பழைய நாற்பதைவிடக் கூடுதலான வேலையாகவே இருக்கக்கூடும். ஒரு மாதத்துக்கு உங்கள் கோப்புகளின் வகையையும் நேரத்தையும் நீங்களே குறித்து வைத்துக்கொண்டு மேலாளரிடம் காட்டுங்கள்.

எதிர்காலம் பற்றிய கேள்விக்கு வரலாற்றில் ஓரளவு விடை இருக்கிறது. 1967 ஜூன் 27இல் லண்டனின் வடபகுதியில் பார்க்லேஸ் வங்கி முதல் பண வழங்கு இயந்திரத்தை வைத்தபோதே, காசாளர் வேலை முடிந்துவிட்டது என்று கருதப்பட்டிருக்கலாம். அமெரிக்க நகர்ப்புறங்களில் 1988க்கும் 2004க்கும் இடையே ஒரு கிளைக்கான சராசரிக் காசாளர்கள் சுமார் இருபதிலிருந்து பதின்மூன்றாகக் குறைந்தார்கள். ஒரு கிளையை நடத்தும் செலவு குறைந்ததால் கிளைகளின் எண்ணிக்கை நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்தது, மொத்த வேலை வீழ்ந்துவிடவில்லை. கைபேசி வங்கிச்சேவை வந்த பிறகு கிளைகளே குறைந்து, காசாளர் வேலையும் குறைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு இதைவிட நெருக்கமான சான்று ஒன்று உண்டு. ஆட்டர், லெவி, மர்னேன் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு பெரிய வங்கியின் இரண்டு தளங்களில், காசோலைகளைப் படமெடுத்துக் கணினியில் கையாளும் படிமத் தொழில்நுட்பம் புகுந்தபோது நடந்ததை 2002இல் வெளியிட்டார்கள். ஒரு தளத்தில் கணினி வேலையைப் பறித்துக்கொண்டு, மிஞ்சியதை மேலும் துண்டாக்கியது. சிக்கலான காசோலைகளைக் கையாளும் மற்ற தளத்தில், முன்பு ஒருவர் கையெழுத்தை மட்டும், ஒருவர் பணம் நிறுத்தும் கோரிக்கையை மட்டும் பார்த்த முறையைக் கைவிட்டு, ஒரு வாடிக்கையாளர் கணக்கின் எல்லாச் சிக்கல்களையும் ஒருவரே பார்க்கும்படி நிர்வாகம் வேலையை மாற்றி அமைத்தது. தொழில்நுட்பம் ஒன்றுதான். வேலை சுருங்கியதும் விரிந்ததும் அதை எப்படிப் பகிர்ந்தார்கள் என்பதைப் பொறுத்து அமைந்தது. உங்கள் பிரிவு இப்போது அந்தச் சந்தியில்தான் நிற்கிறது.

வரவுச்சீட்டு அவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்ல விரும்புகிறேன். ‘என் கடன்கள் குறைவாகத் தவறுகின்றன’ என்பதை நிறுவனம் ஏன் எளிதில் ஏற்பதில்லை? ஓர் ஆய்வாளர் ஆண்டுக்கு 200 கடன்களைப் பரிந்துரைக்கிறார் என்றும், வழக்கமான தவறுதல் விகிதம் மூன்று விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். ஆறு கடன்கள் தவறும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் தற்செயலால் மட்டுமே அது நான்காகவும் எட்டாகவும் மாறக்கூடும், ஏனெனில் திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, ஏறத்தாழ 2.4. ஓர் ஆண்டுக் கணக்கை வைத்து நான்கு உள்ளவரைத் திறமையாளர் என்றும் எட்டு உள்ளவரைக் கவனமற்றவர் என்றும் சொல்ல முடியாது. ஐந்து ஆண்டுகள் சேர்த்தால் ஆயிரம் கடன்கள். முப்பது தவற வேண்டும், திட்ட விலக்கம் ஏறத்தாழ 5.4. அப்போது ஒருவருடைய எண் பதினைந்து என்றால், அதைத் தற்செயல் என்று தள்ளிவிடுவது கடினம். அத்துடன் ஒவ்வொரு கடனும் தவறுமா என்று தெரிவதற்கே ஓரிரு ஆண்டுகள் பிடிக்கும். அதாவது, ஒருவர் நல்ல கடன் ஆய்வாளரா என்று நிறுவனம் உறுதியாக அறிய ஆறேழு ஆண்டுகள் வேண்டும். மூன்றாண்டில் அவரை நகர்த்திவிட்டு அவர் பரிந்துரைத்த கடன்களின் வரலாற்றைத் தொடராமல் விடும் நிறுவனம், தன்னிடம் இருக்கும் சிறந்த ஆய்வாளர் யார் என்பதை ஒருபோதும் அறியப்போவதில்லை.

ஒரு திருத்தத்தையும் சேர்க்கிறேன். கடினமான தொழில்களின் விண்ணப்பங்கள் உங்களுக்கும் எளியவை மற்றவருக்கும் ஒதுக்கப்பட்டிருந்தால் மேற்சொன்ன ஒப்பீடு செல்லாது. ஒரே காலாண்டில் வழங்கப்பட்ட, ஒரே இடர்த் தரம் கொண்ட கடன்களைத் தொகுத்து, 12, 24, 36 மாதங்களில் அவற்றின் நிலையைப் பார்க்க வேண்டும்.

சரிபார்ப்பவர்:

பழையகிளை ஐயா, உங்கள் பதினான்கு கடன்களைப் பற்றி வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. நிகழ்தகவு அவர்களின் கணக்கையும் சேர்த்துப் பார்த்த பின், இடமாற்றம் பற்றி நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். மறைப்பை வெளிக்கொணர ஆளை மூன்றாண்டுக்கு ஒருமுறை பெயர்த்தெடுக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ச்சியாக இரண்டு வாரக் கட்டாய விடுப்பும், அந்த நாட்களில் அவருடைய கோப்புகளை வேறொருவர் உண்மையாகவே நடத்துவதும் பெரும்பாலான நோக்கத்தை நிறைவேற்றிவிடும். விடுப்பில் இருப்பவர் கைபேசியில் ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்தால் அது விடுப்பு அல்ல என்பதை மட்டும் கறாராகப் பார்க்க வேண்டும். கடனாளிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வாளர்களிடையே மாற்றிக் கொடுக்கலாம். ஆய்வாளரைக் கடன் துறையிலிருந்தே அகற்றத் தேவையில்லை.

2008 நெருக்கடிக்குப் பின், நிதி நிலைத்தன்மை வாரியம் என்ற பன்னாட்டு அமைப்பு 2009இல் வெளியிட்ட தரநிலைகளில், உயர் நிர்வாகிகளுக்கும் பெரும் இடர்களை ஏற்பவர்களுக்குமான, போனஸ் போன்ற மாறும் ஊதியத்தில் 40 முதல் 60 விழுக்காடு வரை, மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் ஒத்திவைக்கப்பட வேண்டும் என்று கூறப்பட்டது. இடரின் விளைவு பின்னால்தான் தெரியும் என்ற எளிய உண்மை அங்கே ஏற்கப்பட்டிருக்கிறது. மேல்மட்டத்தினரின் போனசுக்குப் பொருந்தும் அந்த உண்மை, கிளை மேலாளரின் பதவி உயர்வுக்கு மட்டும் ஏன் பொருந்தவில்லை என்ற கேள்விக்கு இதுவரை எந்தக் கூட்டத்திலும் எனக்கு நிறைவான விடை கிடைத்ததில்லை.

பணிப்பதிவேடு:

அதற்கான விடையில் ஒரு பகுதியை என்னால் சொல்ல முடியும். பதவி உயர்வை நாங்கள் பரிசாகப் பயன்படுத்துகிறோம். நன்றாக விற்றவருக்குக் கொடுக்க எங்களிடம் வேறு எதுவும் இருப்பதில்லை. விற்பனைப் பணியாளர்களைப் பற்றி 2019இல் வெளிவந்த பென்சன், லீ, ஷூ ஆகியோரின் ஆய்வு, அதிகம் விற்றவர்களே மேலாளராகும் வாய்ப்பு அதிகம் என்பதையும், அப்படி மேலாளரானவர்களின் கீழ் இருந்தவர்களின் விற்பனை சரிந்தது என்பதையும் காட்டியது. இரண்டு இழப்புகள் ஒன்றாக நேர்கின்றன: நல்ல விற்பனையாளர் போய்விடுகிறார், நல்ல மேலாளரும் கிடைப்பதில்லை.

வரவுச்சீட்டு அவர்களே, கிளை மேலாளர் பதவியைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். ஆள் நடத்துவதில் உங்களுக்கு விருப்பம் உண்டா என்பதை மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இளையவர் ஒருவரின் தவறான ஆய்வுக் குறிப்பை நீங்கள் திருத்தி எழுதிக் கொடுக்கிறீர்களா, அவரை உட்காரவைத்துத் திருத்தச் சொல்கிறீர்களா? முதலாவது என்றால், ஆய்வாளராகவே இருப்பது உங்களுக்கும் நிறுவனத்துக்கும் நல்லது.

வரவுச்சீட்டு:

பதினோரு நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். கடைசிக் கேள்விக்கு நேர்மையான விடை: நானே திருத்தி எழுதிவிடுகிறேன். அதனால் இரண்டாவது வழியைத் தேர்ந்துகொண்டு, மண்டல மேலாளரிடம் மூன்று கோரிக்கைகளை எழுத்தில் கொடுத்தேன். பதவியோடு ஒப்புதல் வரம்பு வேண்டும். மறுசீரமைப்புக் கோப்புகளுக்கு எடை கொடுத்து மாதக் கணக்கில் சேர்க்க வேண்டும். கடந்த ஆறு ஆண்டுகளில் பிரிவில் உள்ள ஒவ்வொருவரும் பரிந்துரைத்த கடன்களின் இன்றைய நிலையை, ஒரே இடர்த் தரத்துக்குள் ஒப்பிட்டு, ஆண்டு மதிப்பீட்டில் ஒரு பக்கமாக இணைக்க வேண்டும்.

இரண்டாவது கோரிக்கை உடனே ஏற்கப்பட்டது. ஒப்புதல் வரம்பு, கிளை மேலாளருக்கு உள்ளதில் பாதி அளவுக்கு, ஓராண்டு சோதனையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவதற்கு, இடம் மாறிப் போனவர்களையும் அந்தப் பட்டியல் தொடுமே என்று தயங்கினார். தொட வேண்டும் என்றுதான் கேட்கிறேன் என்றேன். பழையகிளை ஐயாவின் பதிவை, அவர் யாரென்று எனக்கும் தெரியாது என்று சொல்லி, அச்சிட்டு மண்டல மேலாளரின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். நேற்று அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: முதலில் உங்கள் கடன்களுக்கு மட்டும் அந்தப் பக்கத்தைத் தயாரித்துக் காட்டுங்கள். நிகழ்தகவு அவர்கள் சொன்ன 12, 24, 36 மாத முறையில் தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன். முதல் ஆண்டுக் கடன்களில், நான் நினைத்ததைவிடக் கூடுதலாக மூன்று தவறியிருக்கின்றன. அவற்றையும் அப்படியே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பழையகிளை:

அந்த மூன்றையும் முதல் வரிசையில் வையுங்கள். அவற்றைப் பரிந்துரைத்தபோது எதைப் பார்க்கத் தவறினீர்கள் என்று நினைவிருந்தால், ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி எழுதுங்கள். புதுக்கோப்பு போன்ற பிள்ளைகளுக்கு அதைப் படிக்கக் கொடுக்க முடியுமா என்றும் மண்டல மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள்.